பக்கத்துல யாருமில்ல: ஸ்பீக்கர் கால் பற்றிய ஓர் ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் முதல் பாதி முன்னுரை, மறுபாதி முன்னாய்வுகள். நடுவில் எங்காவது இடம் மிஞ்சினால் பொருளைப் பற்றியும் இரண்டு வரி எழுதுவார்கள். அந்த மரபு கெடாதபடி, ஓடும் பேருந்தில் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் தமிழ்நாட்டுப் பெருவழக்கு இங்கே ஆராயப்படுகிறது. ஆய்வெல்லை: மதுரை மாட்டுத்தாவணி தொடங்கித் திருநெல்வேலி வரை. முதன்மைத் தரவு: காதில் விழுந்தவை. துணைமைத் தரவு: விழக்கூடாது என்று முயன்றும் விழுந்தவை.

காலப்பகுப்பு செய்யாவிட்டால் வழிகாட்டி கையெழுத்துப் போட மாட்டார். ஆகவே தமிழர் தொலைபேசி வரலாறு நான்கு காலங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதலாவது ட்ரங்க் கால் காலம். அதில் எல்லோரும் கத்தினார்கள். ஸ்பீக்கர் இல்லாமலே தெருவுக்குக் கேட்டது. இரண்டாவது எஸ்.டி.டி. காலம். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர். உள்ளே வியர்த்து ஊற்றினாலும் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டுதான் பேசினார்கள். குடும்ப விஷயம் வெளியே போகக்கூடாது என்ற எண்ணம் அப்போது இருந்ததற்கு அந்தக் கதவே சான்று. மூன்றாவது மிஸ்டுகால் காலம். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியபோது செல்போன் இந்தியாவில் அடியெடுத்து வைத்தது. 2003 வரை, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. எடுக்காமல் இருப்பதே சிக்கனம். நான்காவது ஸ்பீக்கர் காலம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் பேச்சுக்கென்று தனிக்காசு இல்லை என்றாயிற்று. பேச்சு நீண்டது, காது சுட்டது, போன் காதைவிட்டு விலகியது.

மூன்றாம் காலம் எங்கே முடிகிறது, நான்காம் காலம் எங்கே தொடங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (ஓட்டுநருக்குப் பின்னிருக்கை, ஜன்னலோரம்; மேலது; மேலது, ஆனால் இம்முறை தூக்கத்தில்).

இனி வகைப்பாடு. போனின் அடிவிளிம்பில் மைக்கும் ஸ்பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பேசுபவர் அந்த விளிம்பை முன்பற்களுக்கு நேரே நிறுத்துகிறார். இவர் பல்முன்னர். பதில் வரும்போது அதே விளிம்பைக் காதோரம் கொண்டுபோகிறார்; பிறகு மீண்டும் வாய்; மீண்டும் காது. இவர் ஊசலர். போனை உள்ளங்கையில் மல்லாத்தித் தாம்பூலத் தட்டுபோல் ஏந்துகிறவர் ஏந்தலர். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நெஞ்சைப் பார்த்துப் பேசுகிறவர் நெஞ்சுரையர். ஹெல்மெட்டுக்குள் செருகுகிறவர் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவர்; அவருக்குத் தேவை ஆய்வாளர் அல்ல, போக்குவரத்துக் காவலர்.

கைகளுக்கு விடுதலை தரத்தான் இந்த வசதி வந்தது. மாவுக்கையோடு சமையலறை மேடையில் பருப்பு டப்பா மீது போனைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் பேசும் அம்மாதான் அதை முறைப்படி பயன்படுத்துகிறார். அவருக்கு இந்த ஆய்வின் வணக்கம். பேருந்திலோ கையில்லாப் பேச்சுக்கு ஒரு கை முழுநேரமாகத் தேவைப்படுகிறது. மறுகை கம்பியைப் பிடித்திருக்கிறது. டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க மூன்றாவது கை இல்லாததால் கண்டக்டர் காத்திருக்கிறார்.

ஏன் காதில் வைப்பதில்லை? கதிர்வீச்சு பயம் என்கிறது ஒரு பள்ளி. காது மந்தம் என்கிறது இன்னொரு பள்ளி. இரு பள்ளியாரும் ஒருவரையொருவர் மறுத்து எழுதியே இருவருக்கும் பதவி உயர்வு கிடைத்துவிட்டதால், காரணத்தைக் கண்டுபிடிப்பதில் யாருக்கும் அவசரமில்லை. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் கேட்டால் விடை சுலபம். மேலே இருக்கும் இயர்பீஸின் சல்லடையில் வியர்வையும் தூசியும் பவுடரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். சில போன்களில் ஸ்க்ரீன் கார்டே பாதித் துளையை மூடியிருக்கும். கடைக்காரர் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து நாலு தேய்ப்புத் தேய்த்தால் குரல் திரும்பிவிடும். ஆனால் கடைக்காரர் எந்த ஆய்விதழிலும் எழுதுவதில்லை. எழுத வேண்டுமானால் அவர்தான் பணம் கட்ட வேண்டுமாம்.

ஒலியியல் பகுதியைச் சுருக்கமாக முடிக்கலாம். இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911 வாக்கிலேயே கண்டு சொல்லிவிட்டார். பேருந்து இரைகிறது, அதனால் நம்மவர் கத்துகிறார். வாயைவிட்டு விலகி நிற்கும் மைக் ஏர்ஹாரனையும் சேர்த்து அனுப்புகிறது. அதனால் மறுமுனையும் கத்துகிறது. ஸ்பீக்கரில் வரும் குரல் மைக்கில் மறுபடி நுழைந்து எதிரொலிக்காதபடி போன் அதைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்; இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது அந்தக் கணக்கு தடுமாறி ஒருவர் பேச்சையும் சேர்த்து விழுங்கிவிடும். "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்ற பல்லவி பிறக்கும் இடம் இதுதான்.

இந்த ஆய்வின் நடுநாயகமான கருதுகோளுக்கு வருவோம். ஸ்பீக்கரில் பேசுகிறவர் தொல்லை தருபவர் அல்லர், வள்ளல்.

2010இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எம்பர்சனும் சக ஆய்வாளர்களும் 'சைக்கலாஜிகல் சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கவனம் தேவைப்படும் வேலையைச் சிலரிடம் கொடுத்து, பின்னணியில் பேச்சை ஓடவிட்டார்கள். இருவர் பேசும் முழு உரையாடலைவிட, ஒருவர் பக்கத்தை மட்டும் கேட்கும் அரை உரையாடல்தான் கவனத்தை அதிகம் குலைத்தது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாமல் மனம் அல்லாடுவதே காரணம் என்றார்கள். இது நிஜமாகவே அச்சான கட்டுரை, தேடினால் கிடைக்கும். மேற்கோள் காட்டுவோர் பொதுவாகத் தேடுவதில்லை.

இதிலிருந்து பெறப்படுவது யாது? காதில் வைத்து "ம்... ம்... அப்படியா... அய்யய்யோ... எப்ப?" என்று பேசுகிறவரே கொடியவர். அந்த அய்யய்யோ எதற்கு என்று தெரியாமல் பேருந்தே தவிக்கிறது. ஸ்பீக்கர்காரரோ இரண்டு பக்கத்தையும் அவிழ்த்துக் கொட்டிவிடுகிறார். சாத்தூர் தாண்டி ஒரு பிற்பகலில் ஒலித்த பின்வரும் பகுதி அதற்குச் சான்று.

"எங்கடே இருக்க?" என்றது போன்.

"பஸ்லதான் மாப்ள."

"பக்கத்துல யாரும் இருக்காவளா?"

"யாருமில்ல, நீ சொல்லு."

படிக்கட்டு வரை ஆள் நின்ற பேருந்து அது. போன் நம்பிச் சொன்னது. சித்தப்பா விற்கப் பார்க்கும் நிலத்தின் மூலப் பத்திரம் அவர் கையில் இல்லையாம். தொலைந்துபோச்சு என்று சாதிக்கிறாராம். உடனே பேருந்தில் உரையாசிரியர்கள் தோன்றினார்கள். பத்திரம் ஏதாவது பேங்க்கில் அடமானத்தில் கிடக்கும் என்பது முதல் உரை (வெள்ளை வேட்டி, நடுவரிசை). வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி., போட்டுப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது இரண்டாம் உரை (கண்டக்டர், விசிலுக்கு முன், திருத்திய பதிப்பு, விசிலுக்குப் பின்). சும்மா பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் ஈ.சி.யில் ஏறாமலும் இருக்கலாம் என்பது மறுப்பு (கடலை உரித்துக்கொண்டிருந்தவர், கடைசி வரிசை; கடலைத் தோலோடு கூடிய மூலவடிவம்; ஒப்புநோக்குக: அவர் மனைவி, "உங்களுக்கு எதுக்கு ஊர்வம்பு", அதே இருக்கை). மறுப்பின் மறுப்பை எழுப்பிய பெரியவர் கோவில்பட்டியில் இறங்கிவிட்டதால் அவ்வுரை முழுமையாகக் கிடைக்கவில்லை. ஏடு சிதைவு என்க.

சூடேறிய முதல் உரைகாரர் எட்டிக் குனிந்து, "தம்பி, கையெழுத்து மட்டும் போட்றாதீங்க" என்று போனிடமே சொல்லிவிட்டார்.

"யாருடே அது?" என்றது போன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இணைப்பு அறுந்தது.

கருதுகோள் ஓட்டையாகும் இடம் இது. பேருந்துக்குப் பெரிய நட்டமில்லை, பொழுது போயிற்று. நட்டம் மறுமுனையில் இருந்தவருக்கு. எஸ்.டி.டி. கூண்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதாக எண்ணியவரைக் கதவே இல்லாத இடத்தில் நிறுத்தியாயிற்று. நிலத் தகராறாவது பரவாயில்லை. அம்மாவின் சர்க்கரை அளவு, மகளின் ஜாதகம் தட்டிப்போன கதை, ஆதார் எண், போதாக்குறைக்கு ஓ.டி.பி.யின் ஆறு இலக்கமும் இப்படித்தான் வெளியே வருகின்றன. சொன்னவர்களில் யாரும் பேருந்தில் இல்லை. இரைச்சலைப் பற்றி நாம் புலம்புவதெல்லாம் இதற்கு முன் சில்லறைப் புகார்.

சட்டமோ இரைச்சலை மட்டுமே கவனிக்கிறது. இரவு 10 மணிக்குமேல் ரயில் பெட்டிகளில் உரக்கப் போன் பேசக்கூடாது என்று 2022இல் ரயில்வே அறிவுறுத்தியது. பேருந்தில் செல்போனைச் சத்தமாக ஒலிக்கவிடுவதற்குக் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021இல் தடை போட்டது. பிரான்சின் நாந்த் ரயில் நிலையத்தில் 2025 பிப்ரவரியில், ஸ்பீக்கரில் பேசிய பயணி ஒருவருக்கு 150 யூரோ அபராதம். மறுமுனையில் இருப்பவரிடம் "ஸ்பீக்கர்ல இருக்கீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி இவை எதிலும் இல்லை.

நிலத்தின் ஈ.சி. என்ன சொன்னது, வீடியோ காலில் பேருந்து முழுவதும் முகம் காட்டுவது எவ்வகையில் சேரும் என்பன மேலாய்வுக்கு உரியவை. மேலாய்வு என்றால் யாரும் செய்யமாட்டார்கள் என்று பொருள். அதுவரை, சாத்தூர் வழியாகப் போகும் வாசகர்களுக்கு ஒரு தகவல்: ஸ்பீக்கரைப் போடும் அதே பொத்தானை இன்னொரு தடவை தொட்டால் ஸ்பீக்கர் அணைந்துவிடும்.