புல்வெட்டியின் இறையாண்மை: மாதிரி விமானக் கிளப்புகளில் அதிகாரம் குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மன்சி என்றொரு ஊர். சமூகவியல் படித்தவர்களுக்கு அது வேறு பெயரில் பழக்கம். 1924இல் ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியர் அங்கே போய்த் தங்கினார்கள். ஊர்க்காரர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள், பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள், ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று துருவித் துருவிப் பார்த்து, 1929இல் ‘மிடில்டவுன்’ என்ற நூலாக வெளியிட்டார்கள். 1937இல் வந்த இரண்டாம் நூலில், ஊரின் கடிவாளம் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதைக் கண்டு அதற்கு ‘எக்ஸ் குடும்பம்’ என்று பெயரிட்டார்கள். கண்ணாடி ஜாடி செய்து பெரும்பணம் சேர்த்த பால் சகோதரர்களின் குடும்பம்தான் அது என்பது ஊரறிந்த ரகசியம். இத்தனை கூர்மையாகப் பார்த்தவர்கள் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானங்களைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. 1936இல் தோன்றிய அமெரிக்க மாதிரி விமானக் கழகம், சுருக்கமாக ஏ.எம்.ஏ., தன் தலைமையகத்தை மன்சிக்குக் கொண்டுவந்தது 1990களில்தான். வானத்தில் விளையாடுவோரின் அந்தக் கழகம் அங்கே சுமார் 1,000 ஏக்கர் தரையை வைத்திருக்கிறது. அதில் பெரும்பகுதி புல். இந்தப் புல்லின்மேல்தான் நம் ஆய்வு நிற்கிறது.

மாதிரி விமானக் கிளப்பை உண்மையில் ஆள்வது யார்? ஏ.எம்.ஏ.வின் பட்டயம் பெற்ற கிளப்புகள் நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல் உண்டு. ஒவ்வொன்றிலும் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், பாதுகாப்பு அலுவலர், செய்திமடல் ஆசிரியர் என்று சம்பளமில்லாத பதவிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதிகாரம் இவர்களில் ஒருவரிடம் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. நன்றாக ஓட்டுபவர் சொல்தான் எடுபடும் என்பாரும் உளர். இவ்வாய்வின் துணிபு வேறு: ஓடுபாதையின் புல்லை வெட்டுபவர் எவரோ அவரே கிளப்பை ஆள்கிறார், ஏனைய பதவிகள் அவருடைய இசைவால் நடப்பவை. லிண்ட் தம்பதியரின் முறையைப் பின்பற்றி அவரை இனி ‘எக்ஸ்’ என்றே குறிப்போம். பெயர் சொன்னால் வருத்தப்படுவார். அவர் வருத்தப்பட்டால் புல் வளரும்.

முதலில் பௌதிகச் சான்று. புதிதாகப் பழகுபவர் ஓட்டும் பயிற்சி விமானம் இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும். அதன் சக்கரத்தின் விட்டம் பெரும்பாலும் மூன்று அங்குலத்தைத் தாண்டாது. அப்படியானால் அச்சு தரைக்கு ஒன்றரை அங்குலம் மேலே. புல் இரண்டு அங்குலத்தைத் தாண்டிவிட்டால் சக்கரம் புல்லின்மேல் ஓடுவதில்லை, புல்லுக்குள் நீந்துகிறது. விமானம் இறங்குவதைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். எஞ்சினைத் தணித்து, மூக்கைச் சற்றே தூக்கி, அழகாக வந்து தரையைத் தொடும். தொட்டதும் புல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னே போகும். வால் எழும்பி மூக்கு குத்தும். ‘டக்’கென்று புரொப்பெல்லரின் ஓர் இதழ் எங்கோ பறக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பி பின்னால் மடங்கியிருக்கும், மூக்குக் கூம்பைச் சுற்றிப் பச்சைச் சாறு அப்பியிருக்கும். ஓட்டியவரைக் கேட்டால் காற்று திரும்பிவிட்டது என்பார். காற்று இருந்த இடத்திலேயே இருந்தது. போன மாதக் கூட்டத்தில் எக்ஸ் புது பிளேடு கேட்டபோது இவர்தான் மறுத்துப் பேசினார்.

உழைப்பின் அளவையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். 500 அடி நீளமும் 100 அடி அகலமும் உள்ள ஓடுபாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம்; ஓர் ஏக்கருக்குச் சற்று அதிகம். புல் வெட்டும் வண்டியின் பிளேடுப் பெட்டி 60 அங்குல அகலம், அதாவது 5 அடி. ஒரு முறை முழுதாக வெட்ட 20 நடை, மொத்தம் 10,000 அடி, ஏறக்குறைய 3 கிலோமீட்டர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் ஒருமுறை என்றால் 90 கிலோமீட்டர் சொச்சம். மன்சியிலிருந்து கிளம்பியவர் மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸை நெருங்கியிருப்பார், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில், ஒரே வயலுக்குள். வண்டி நிறுத்துமிடம், விமானங்களைப் பூட்டும் மேசைகளைச் சுற்றியுள்ள இடம், தவறி விழுந்ததைத் தேடும் ஓரங்கள் இவற்றைச் சேர்க்கவில்லை. மே மாதத்தில் மழை விட்டு வெயில் அடித்தால் வாரம் இருமுறை வெட்டவேண்டும் என்பதையும் சேர்க்கவில்லை. இவ்வளவுக்கும் கூலி என்ன? ஆண்டு விருந்தில் ஒரு மரப்பலகைக் கேடயம்.

வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. 1937இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் ‘கஃப்’ என்ற விமானத்தை ரேடியோ வழியே இயக்கினார்கள். அது பின்னர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அண்ணனும் தம்பியும் மட்டும் பறக்கவிட்டவரை அதிகாரப் பிரச்சினை எழவில்லை. கூட்டம் சேர்ந்ததும் எழுந்தது. 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் மாதிரி விமானங்களுக்கு ஒதுக்கியவை 50 அலைவரிசைகள், 11 முதல் 60 வரை எண்ணிட்டவை. ஒரே எண்ணில் இருவர் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால், மேலே இருப்பது ஓட்டுபவரைக் கேட்காமல் கீழே வரும். அதனால் திடலுக்குத் திடல் ஒரு பலகை வைத்து, அதில் எண் எழுதிய மரக் கிளிப்புகளை மாட்டினார்கள். துணி காயப்போடும் அதே கிளிப்தான். தன் எண்ணுக்குரிய கிளிப்பை எடுத்து ஏரியலில் மாட்டியபிறகே சுவிட்சில் கைவைக்கலாம். அந்தக் காலத்தில் அதிகாரம் பலகைக்காரரிடம் இருந்தது என்பதை இவ்வாய்வு மறுக்கவில்லை. கிளிப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனவரை அவர் படுத்திய பாட்டுக்கு எந்த அரசமைப்பிலும் இடமில்லை. 2005, 2006 வாக்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் கடைக்கு வந்தன. ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றைக் கெடுக்காதபடி அவையே பார்த்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் பலகை வெறும் பலகையாயிற்று, அதன் காவலர் சாதாரண உறுப்பினரானார். புல்லின் நிலை அன்றும் இன்றும் ஒன்றே.

இனி கோட்பாடு. பொருளியலாளர் மன்கர் ஓல்சன் 1965இல் ஒரு சங்கடமான உண்மையை நிறுவினார்: பலன் எல்லோருக்கும் பொது என்றால், பெரிய குழுவில் எவரும் தாமாக முன்வந்து உழைக்க மாட்டார்கள், அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்வார்கள். இதன்படி பார்த்தால் மாதிரி விமானத் திடல் ஒவ்வொன்றிலும் புல் இடுப்பளவு நிற்கவேண்டும். நிற்கவில்லை. ஓல்சன் தோற்றாரா? இல்லை. எக்ஸுக்குப் பொதுநலம் இரண்டாம்பட்சம். அவருக்கு எஞ்சின் பிடிக்கும், அதிலும் தாம் மேலே உட்கார்ந்து ஓட்டக்கூடிய எஞ்சின். கையால் தொடமுடியாத உயரத்தில் ஒரு சின்ன எஞ்சினை ஓட்டுவதைவிட அதில் நிறைவு அதிகம். கிளப் இல்லாவிட்டாலும் அவர் எங்கோ ஒரு புல்லை வெட்டிக்கொண்டிருப்பார். சமூகவியலாளர் ராபர்ட் மிக்கெல்ஸ் 1911இல் ஜெர்மானிய சோஷலிஸ்டுக் கட்சியை ஆராய்ந்து, எந்த அமைப்பும் கடைசியில் சிலர் கைக்குப் போய்ச்சேரும், தொழில்நுட்ப அறிவு அவர்களிடம் குவிவது ஒரு முக்கியக் காரணம் என்றார். அவர் கண்ட தலைவர்கள் மேடைப்பேச்சாலும் பத்திரிகையாலும் ஆண்டவர்கள். எக்ஸ் பேசுவதில்லை. ஆனால் குளிரில் அந்த வண்டி கிளம்ப சோக்கை எவ்வளவு இழுக்கவேண்டும், எந்தத் திருப்பத்தில் பெல்ட் கழலும், கொட்டகைச் சாவி எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் ஒருவருக்கே தெரியும். போதாததற்கு, ஆள் ஓடுபாதையில் இருக்கும்போது விமானங்கள் ஏறவோ இறங்கவோ கூடாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எக்ஸ் வண்டியை உள்ளே விட்டால் வானம் மூடப்படுகிறது. தலைவருக்குக்கூட இல்லாத அதிகாரம் இது.

தலைவர் என்றதும் முதல் மறுப்பு எழுகிறது. கூட்டத்தை நடத்துவது அவர், தீர்மானத்தை வாக்குக்கு விடுவது அவர், விதிப்புத்தகம் அவர் பக்கம் என்பர். விதிப்புத்தகம் என்பது அங்கே பெரும்பாலும் ஹென்றி ராபர்ட் 1876இல் எழுதிய கூட்ட நெறிமுறை. அவர் ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். 1863இல் நியூ பெட்ஃபோர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப்போய், அது அமளியில் முடிந்ததால் இந்த வேலையில் இறங்கினார். அதே பொறியாளர் படை கட்டிய வெள்ளத்தடுப்பு ஏரிகளின் ஓரத்தில்தான் சில கிளப்புகளுக்குத் திடல் கிடைத்திருக்கிறது. ஆக, கூட்டம் நடத்தும் முறையும் விமானம் இறங்கும் இடமும் ஒரே படையின் கொடை. இருந்தும் மறுப்பு நிற்காது. நெறிமுறை பேச்சை ஒழுங்குபடுத்தும், புல்லை ஒழுங்குபடுத்தாது. திடலுக்கு வாடகைக் கழிப்பறை ஒன்றா இரண்டா என்று தலைவர் ஒரு மணி நேரம் விவாதம் நடத்தலாம். குழுக்கூட்டங்களைக் கிண்டல் செய்து எழுதிய பார்க்கின்சன் 1957இல் காட்டிய அதே கதை: அணு உலைக்குச் சில நிமிடம், சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி. இரண்டு என்று தீர்மானம் நிறைவேறுகிறது. எங்கே வைப்பது என்பதை, எந்த இடத்தில் வைத்தால் வண்டியைத் திருப்பமுடியும் என்பதை வைத்து எக்ஸ் முடிவு செய்கிறார்.

சிறந்த ஓட்டுநர் கட்சியைச் சுருக்கமாகவே தீர்த்துவிடலாம். வித்தை முற்ற முற்ற ஓடுபாதையின் தேவை குறைகிறது. விமானத்தைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அப்படியே கைக்குள் வாங்குபவருக்குப் புல் எதற்கு? தேவை இல்லாதவர் கூட்டத்துக்கு வருவதில்லை. வராதவருக்குச் செல்வாக்கு இல்லை. சில சமயம் அவரைச் செயலாளராக்கிவிடுவது உண்டு, வராததற்குத் தண்டனையாக.

ஓடுபாதைக்குச் செயற்கைத் துணி விரித்துவிடலாம், கூலிக்கு ஆள் அமர்த்தலாம் என்ற யோசனைகள் கனமானவை. சாலை போடும்போது விரிக்கும் கெட்டித் துணியைப் பல கிளப்புகள் ஓடுபாதைக்கு விரித்திருப்பது உண்மை. ஆனால் துணிக்கு ஓரம் உண்டு. குறுக்குக்காற்றில் இறங்குகிறவர் அந்த ஓரத்தைத்தான் தேடிப் போகிறார். ஆணி கிளம்பிய மடிப்பில் களை முளைத்தால் மறுபடி அழைக்கப்படுபவர் எக்ஸ். கூலியாள் விஷயத்தில் கடினம் வேறு: கூலி கொடுக்கச் சந்தாவை உயர்த்தவேண்டும், சந்தாவை உயர்த்தக் கூட்டம் போடவேண்டும், கூட்டம் முடிவதற்குள் மே வந்துவிடும். பொருளாளரின் அதிகாரம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்வோரும் இங்கேயே விடை பெறலாம். கிளப்பின் பணம் பிளேடாகவும் பெல்ட்டாகவும் பெட்ரோலாகவும் மாறி எக்ஸின் கொட்டகைக்குள் போய்விடுகிறது.

கடைசி மறுப்பு எதிர்காலத்தின் பெயரால் வருவது. மின்சார மோட்டாரும் ஃபோம் உடம்பும் வந்துவிட்டன. கையால் வீசினால் பறக்கும், உயர்ந்த புல்லில் வயிறு தேய இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. நான்கு விசிறி டிரோனுக்கு ஓடுபாதையே வேண்டாம். ஆகவே எக்ஸின் காலம் முடிந்தது என்கிறார்கள். இவர்கள் சட்டத்தைப் பார்க்கவில்லை. 250 கிராமுக்கு மேற்பட்ட விமானம் பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ரேடியோவில் ஒலிபரப்பவேண்டும் என்ற விதியை அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. 2024 மார்ச் முதல் கண்டிப்பாக்கியது. அந்தக் கருவி இல்லாத பழைய விமானங்களுக்கு ஒரே புகலிடம், எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த குறிப்பிட்ட நிலப்பகுதிகள். அவற்றுக்கு விண்ணப்பிக்கும் தகுதி ஏ.எம்.ஏ. போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மட்டும். அனுமதி 48 மாதம் செல்லும், பிறகு புதுப்பிக்கவேண்டும். கவனியுங்கள்: சலுகை விமானத்துக்கும் இல்லை, ஓட்டுபவருக்கும் இல்லை, நிலத்துக்கு. நிலம் பெரும்பாலும் விவசாயியுடையது, அல்லது மாவட்ட நிர்வாகத்தின் மூடிய குப்பைமேடு. நிலத்துக்காரர் கிளப்பை மதிப்பிடுவது எதை வைத்து? அவருக்குப் பறப்பது புரியாது. சாலையில் காரில் போகும்போது புல் வெட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஆக ஃபோம் விமானமும் டிரோனும் எக்ஸை ஒழிக்கவில்லை; அவர் கையில் மத்திய அரசின் வான்வெளியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டன.

ஒரு சிக்கல் மிச்சம். எக்ஸின் பிடி இவ்வளவு இறுகியதென்றால், கிளப்புகளில் தேர்தல் எப்படி நடக்கிறது, அதுவும் அவரைக் கேட்காமல்? விடை நாள்காட்டியில் இருக்கிறது. பல கிளப்புகளில் பதவிக்காலம் ஜனவரியில் தொடங்குகிறது; வேட்புமனுவும் வாக்கெடுப்பும் நவம்பர், டிசம்பரில். இண்டியானாவில் அந்த மாதங்களில் புல் வளர்வதில்லை, வண்டி எண்ணெய் வடித்துக் கொட்டகையில் கிடக்கும், எக்ஸுக்குக் கூட்டத்தில் எல்லோரையும் போல ஒரு வாக்குதான். மக்களாட்சிக்கு ஆண்டில் வாய்ப்பது ஏப்ரல் வரும்வரையிலான இந்த நான்கைந்து மாதம். புதிய தலைவர்கள் பெரும்பாலும் கூட்டத்துக்கு வராதவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவதும், துணிச்சலான விதித்திருத்தங்கள் ஜனவரியில் நிறைவேறுவதும் இதனால்தான். எட்டு மணிக்குமுன் எஞ்சின் போடக்கூடாது, சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டுவரை புல் வெட்டக்கூடாது என்றெல்லாம் அப்போது ஏகமனதாகத் தீர்மானிப்பார்கள். அவற்றில் எவை செல்லுபடியாகும் என்பதை ஏப்ரல் மாதத்தில் எக்ஸ் அறிவிப்பார்.