நோக்குகுத்தி: காக்கநாட்டு மிதிவண்டிக் களவியல் குறித்து ஒரு முன்னாய்வு

களவியல் என்றதும் தொல்காப்பியத்தை எடுக்க எழுந்த புலவர்கள் உட்காரலாம். அங்கே களவுக்கு அடுத்து கற்பியல் வரும். இங்கே போனது போனதுதான். ஆய்வுப்பொருள்: கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிள் ஒன்று, வயது பதினொன்று. ஆய்வுக்களம்: கொச்சி காக்கநாட்டில் மகள் குடியிருக்கும் அடுக்ககத்தின் நான்காவது தூண். ஆய்வாளர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அதாவது சைக்கிளைப் பறிகொடுத்தவர். ஆய்வில் சார்பு உண்டா என்றால், உண்டு.

முதலில் ஊர்ப்பெயர். ‘காக்க, நாடு’ என்று பிரித்தால், காப்பதற்கு ஒருவரை நாடு என்று ஏவல் வினை கிடைக்கிறது. எந்த மொழியியலாளரும் ஏற்காத இந்தப் பிரிப்பை நம்பி நான் காவல் நிலையத்தை நாடினேன்.

“பில் உண்டோ, சாரே?”

இல்லை.

“ஃபிரேம் நம்பர்?”

அது பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் படிக்கலாம். கவிழ்க்க வண்டி வேண்டும்.

“விலை எத்ர வரும்?”

இந்த மூன்றாவது கேள்விதான் ஆய்வின் உயிர்நாடி. 2024 ஜூலை 1 வரை ஓட்டைச் சைக்கிள் போனாலும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவில் போலீஸ் தானே வழக்குப் பதியலாம். அன்று பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதன் 303ஆம் பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமுதாயச் சேவை. அத்தோடு, இந்தச் சில்லறைக் களவு நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத இனத்துக்குப் போய்விட்டது. ஆகவே சைக்கிளைக் கண்டுபிடிக்குமுன் அதற்கு விலை கண்டுபிடிக்க வேண்டும். தேய்மானம் கழித்தால் 2,000. மணி புதிது, 2,100. பேத்தியை முன்கம்பியில் உட்கார வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோன நான்கு வருஷத்துக்கு என்ன விலை போடுவது? 2,100 என்றே சொன்னேன். உண்மை பேசுவதால் வரும் நஷ்டத்தை அரிச்சந்திரனுக்கு அடுத்து நேரில் அளந்தவன் நான்தான்.

சான் பிரான்சிஸ்கோ போலீசார் இதே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். கலிபோர்னியாவில் 950 டாலரைத் தாண்டினால்தான் பெருங்களவு. எனவே அதற்கு மேல் விலையுள்ள சைக்கிளில் ஜி.பி.எஸ். ஒளித்துத் தெருவில் விட்டார்கள், தூண்டிலில் மண்புழு மாட்டுவதுபோல. கூடவே, ‘இது தூண்டில் சைக்கிளா?’ என்று கேட்கும் ஒட்டுவில்லைகளைப் பொதுமக்களுக்குக் கொடுத்தார்கள். ஒட்டிவிட்டால் எந்த ஓட்டை வண்டியும் சந்தேகத்துக்குரிய வண்டி. செலவில்லாத இந்தப் பாதி எனக்குப் பிடித்தது.

ஜப்பானில் 1994 முதல் சைக்கிளைப் பதிவு செய்வது கட்டாயம். நம் ஊர்களிலும் ஒரு காலத்தில் வரி கட்டினால் உள்ளாட்சி ஆபீசில் வில்லை கொடுப்பார்கள். வில்லை இல்லாவிட்டால் வண்டி பிடிபடும், விளக்கு இல்லாவிட்டாலும் பிடிபடும், டபுள்ஸ் போனாலும் பிடிபடும். அந்தக் காலப் போலீஸ்காரர் சைக்கிள்காரனை எப்போதும் பிடித்துக்கொண்டே இருந்தார் என்பதால் சைக்கிள் திருடன் தனியாகச் சிக்கினானா என்பது வேறு ஆய்வுக்குரியது. இன்றோ கேரளச் சாலைகளில் 2023இல் இயக்கத்துக்கு வந்த 726 கேமராக்களும் நம்பர் பிளேட்டைத் தேடுகின்றன. பிளேட் இல்லாத சைக்கிள் அவற்றுக்கு ஆவி மாதிரி.

இனி ஆய்வின் மையம். 2012இல் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வளாகத்தில் மூன்று சைக்கிள் நிறுத்தங்களில் முறைத்துப் பார்க்கும் கண்களின் படத்தையும், ‘திருடர்களே, கவனிக்கிறோம்’ என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் மாட்டினார்கள். ஒரு வருஷத்தில் அங்கே களவு 62 சதவீதம் குறைந்தது. வெறும் தாள்! கட்டுமான வேலை நடக்கும் வீட்டு முகப்பில் நாக்கைத் தள்ளி விழியை உருட்டும் பொம்மையைக் கட்டிவிடும் நம் கொத்தனாருக்கு இது புதுச் செய்தியா? மலையாளத்தில் அதற்கு நோக்குகுத்தி என்று பெயர். சோளக்கொல்லைப் பொம்மைக்கும் அதே பெயர். வேடிக்கை என்னவென்றால், குற்றம் நடக்கும்போது சும்மா நின்றவரை ஏசவும் அந்தச் சொல்தான். ‘போலீஸ் நோக்குகுத்தியாக நின்றது’ என்று மலையாளப் பத்திரிகை எழுதினால் அது வசவு. நியூகாசில் கணக்குப்படி அது 62 சதவீதப் பாராட்டு. 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தின்படி வீடுவீடாக வரும் பீட் போலீஸ்காரரிடம் இதை விளக்கினேன். அவர் நல்ல பூட்டு வாங்கச் சொன்னார், தூணோடு சேர்த்துப் பூட்டச் சொன்னார், விளக்கம் வேண்டாம் என்பதுபோல் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

நியூகாசில் ஆய்வில் ஒரு பின்குறிப்பு உண்டு. படம் மாட்டாத இடங்களில், ஒப்பிடுவதற்காக விட்டுவைத்த இடங்களில், களவு 65 சதவீதம் ஏறியது. திருடன் திருந்தவில்லை, நாலு எட்டுத் தள்ளிப் போயிருக்கிறான்.

இதைத் தெரிந்துகொண்டே நான் பெரிய நோக்குகுத்தி ஒன்றை வாங்கி நான்காவது தூணில் கட்டினேன். மகள், “அப்பா, அசோசியேஷன்ல கேப்பாங்க” என்றாள். யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் பக்கத்து அடுக்ககத்துப் பெரியவர் ஒருவர் படியேறி வந்தார். அவர்கள் கீழ்த்தளத்தில் இரண்டு சைக்கிள் போய்விட்டதாம். தூணையே சற்றுநேரம் பார்த்துவிட்டு, இந்தப் பொம்மை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். ஒப்பீட்டுக் குழு நேரிலேயே வந்துவிட்டது. சோதனை முடியும்வரை அந்தக் குழுவுக்கு மருந்தைக் காட்டக் கூடாது என்பது ஆய்வு நெறி.

கடை மறந்துவிட்டது என்றேன்.