கத்தியைத் தீட்டுறதுக்கு முன்னாடி, மாப்ள

வாங்க மாப்ள. தோட்டம் வாங்கியாச்சு, தொப்பியும் வாங்கியாச்சு. இனி மரங்கதான் பயப்படணும்.

வேப்பமரத்துல முழ உயரத்துல ஆணி அடிச்சுக் கம்பி கட்டிட்டு, “மரம் வளர வளர வேலியும் தானா உசந்துரும் மாமா”ன்னீங்களே, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சிரிச்சே தூக்கம் போச்சு. மரம் உசர்றது கொழுந்துல மாப்ள. அடிமரம் இருந்த இடத்துலயே இருந்து பருக்க மட்டும்தான் செய்யும். பத்து வருஷம் கழிச்சும் ஆணி அதே முழ உயரத்துலதான் நிக்கும். கம்பியை மரம் முழுங்கியிருக்கும்.

பருக்கிற வேலை நடக்கிறது பட்டைக்கு அடியில. பச்சை மரத்துல பட்டையை உரிச்சா வழுவழுன்னு கையில படுதுல்ல, அங்கனதான். படிச்சவுக அதைக் கேம்பியம்பீங்க. உள்பக்கம் கட்டையைச் சேர்க்கும், வெளிப்பக்கம் பட்டையைச் சேர்க்கும். கட்டை வழியா தண்ணி மேல ஏறும், உள்பட்டை வழியா இலை சமைச்ச சாப்பாடு வேருக்கு இறங்கும். ஒட்டு மாங்கன்னு கட்டும்போதும் அடிக்கன்னோட கேம்பியமும் ஒட்டுக்குச்சியோட கேம்பியமும் தொட்டாத்தான் ஒட்டும்.

உங்க ஆடு மாமரத்துப் பட்டையைச் சுத்தி வளையமா கடிச்சுருச்சாம். இலை பச்சையா இருக்குன்னு நிம்மதியா இருக்கீங்க. தண்ணி ஏறுது, பச்சையாத்தான் இருக்கும். பட்டினி கிடக்கிறது வேரு. அது கையிருப்பைத் தின்னு தீர்த்துட்டுச் சாகுறதுக்குள்ள, நீங்க “மருந்து நல்லா பிடிக்குது”ன்னு கடைக்காரருக்கு ரெண்டாவது தடவையும் பணம் கட்டியிருப்பீங்க.

தென்னைக்கு அந்தக் கேம்பியமே கிடையாது. ஏறுறதுக்கு வெட்டுன படி மூடாம அப்படியே இருக்கிறது அதனாலதான். இளவயசுல அடி எவ்வளவு பருத்துச்சோ அவ்வளவுதான், அப்புறம் எவ்வளவு உரம் கொட்டினாலும் இடுப்பு பெருக்காது. உங்க சமாச்சாரம் வேற.

மொத்தத் தென்னைக்கும் ஒரே ஒரு குருத்து. காண்டாமிருக வண்டு விரியாத குருத்தைத் துளைச்சுட்டுப் போகும். ஓலை விரிஞ்சா கத்தரியால வெட்டுன மாதிரி இருக்கும். நீங்க அதைப் படம் பிடிச்சு, “என்ன அழகு”ன்னு குரூப்புல போட்டீங்க. உள்முளை அழுகினா மரம் போச்சு, பக்கக்கிளை வரும்னு காத்துக் கிடக்காதீங்க. வேப்பங்கொட்டைத் தூளை மணல்ல கலந்து குருத்துக்குப் பக்கத்து மட்டை இடுக்குல போடுங்க.

தொடக்கூடாததைத் தொடுறீங்க, தொட வேண்டியதை விட்டுடுறீங்க. செடிமுருங்கை 75 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளணும். நுனியில ஊறுற ஆக்சின் கீழ இறங்கி, பக்கத்து மொட்டை எழும்ப விடாது. கிள்ளினா கிளை பொங்கும், காய் கைக்கெட்டுற உயரத்துல தொங்கும். நீங்க பாவம் பார்த்து விட்டீங்க. இப்ப காய் பறிக்கத் தீயணைப்பு வண்டிதான் வரணும்.

அருகம்புல்லு மேலயும் ஒரு புகார் வச்சிருக்கீங்க, வெட்ட வெட்ட வருதுன்னு. அது வளர்ற இடம் கணுவுலயும் இலையடியிலயும் இருக்கு. நீங்க நுனியைச் சிரைக்கிறீங்க. தரைக்கடித் தண்டோட தோண்டி எடுங்க.

வேலிக்குக் கல்லுக்கால் ஊனுங்க. வேம்புல இருக்கிற கம்பியையும் ஆணியையும் இன்னைக்கே பிடுங்குங்க. உள்ள இரும்பு இருக்குன்னு தெரிஞ்சா மரஅறுவைக்காரன் அந்தக் கட்டையில ரம்பத்தை வைக்கமாட்டான்.