கொலையாளி தெரிந்த பின்னும்

கேள்வி: கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் அகதா கிறிஸ்டி நாவல்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்களே, அதில் என்ன சுவை?

பதில்: முதல் வாசிப்பில் வாசகர் கொலையாளியைத் தேடுகிறார், இரண்டாம் வாசிப்பில் கிறிஸ்டியையே துப்பறிகிறார். 1926-இல் வந்த ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’ இதற்குத் தலைசிறந்த சான்று. முடிவு தெரிந்து படித்தால், தடயங்கள் தொடக்கத்திலிருந்தே கண்ணெதிரே கிடப்பது புரியும். அவற்றை மறைக்காமலே மறைத்த கைத்திறனை அப்போதுதான் முழுதாக ரசிக்க முடியும்.

இன்னொரு சுவை, விஷயஞானம். முதல் உலகப் போரின்போது டார்கீ நகர மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. 1920-இல் வெளியான முதல் நாவலிலேயே ஸ்ட்ரிக்னின் விஷத்தை அவர் கையாண்ட துல்லியத்தை மருந்தியல் இதழே பாராட்டியது.

ஆனால் முதல் வாசிப்பின் திகைப்பு ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். 1952-இல் லண்டனில் அரங்கேறிய அவரது ‘எலிப்பொறி’ நாடகம் முடிந்ததும், கொலையாளியை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். நாவலைப் படித்து முடித்தவர்களும், இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்கு அந்த உதவியைச் செய்யவேண்டும்.