கருப்பனுக்கு இன்னும் மீசை முடிவாகவில்லை

சமயநல்லூரில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் ஓவியம் படிக்கிற பையனைக் கண்டுபிடிக்க யாரும் துப்பறிய வேண்டியதில்லை. கதவு அகலத்துக்கு ஒரு ஷீட் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திண்டுக்கல் ரோட்டில் லாரி கடக்கும்போதெல்லாம் அந்தப் பையோடு அரைச்சுற்று சுற்றி நிற்பவன் அவன். நகக்கண்களில் இந்தியன் இங்க். சட்டைப் பையில், விலை தெரிந்தால் வீட்டில் சண்டை வரக்கூடிய ஒரு பிரஷ் பேனா. பைக்கு லக்கேஜ் போடலாமா என்று ஒரு கணம் யோசிக்கும் கண்டக்டர், "தம்பி, அந்தக் கதவக் கொஞ்சம் சாச்சுப் பிடிப்பா" என்பதோடு விட்டுவிடுவார். அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர வேண்டுமென்றால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும். வீட்டில் அதற்குச் சம்மதிக்காததால் மதுரையிலேயே ஒரு கல்லூரியில் இல்லஸ்ட்ரேஷன் படிக்கிறான். இந்தப் பருவத்துக்கு அவனுக்குக் கொடுத்திருக்கும் வேலை ஒரே ஒரு கதாபாத்திரத்தை வடிவமைப்பது. இந்தப் பக்கத்துப் பையன் வேறு யாரை எடுப்பான்? கருப்பசாமியை எடுத்தான். கோயிலில் நிற்கிற கருப்பன் வேண்டாம், இந்தக் காலத்துச் சாகசக்காரன் ஒருவன் வேண்டும் என்று ஆரம்பித்தது ஆடி மாதம். தீபாவளி தாண்டிவிட்டது. அரிவாளில் பல மாதிரி வந்தாயிற்று, செருப்பு வந்தாயிற்று, கூட வருகிற நாய்க்கு வால் சுழி வரை தீர்ந்தாயிற்று. மீசை மட்டும் நிற்கிறது. "ஏய்யா, கருப்பனுக்கு இன்னுமா மீச மொளைக்கல?" என்று அப்பத்தா கேட்டால், "ப்ராசஸ்ல இருக்கு அப்பத்தா" என்பான்.

அந்த ப்ராசஸ் அவன் அறையில் காய்ந்துகொண்டிருக்கும். மீசையை முதலில் பென்சிலில் போட்டான், கனம் போதவில்லை. கடையில் விற்கிற சார்க்கோல் குச்சி ரொம்ப வழவழப்பு என்று இஸ்திரி வண்டிக்காரரிடம் பாதி எரிந்த கரித்துண்டுகள் வாங்கி வந்தான். அதைத் தேய்த்ததில் காகிதம் கிழிந்தது. குற்றம் காகிதத்தின் மேல் விழுந்தது. 300 ஜிஎஸ்எம் தாள் வாங்கினான். தாள் கனமானதும் அதில் தண்ணீர் விட்டுப் பார்க்கும் ஆசை வந்தது. ஈர வர்ணத்தின் மேல் கல்லுப்பைத் தூவினால் உப்பு நீரை இழுத்து நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூக்கும். கருப்பனின் வேட்டி முழுக்கப் பூத்தது, சமையலறை ஜாடி காலியானது. மிச்சக் காப்பியைத் தோல் நிறத்துக்குப் பூசினான். அது சர்க்கரை போட்ட காப்பி. மறுநாள் காலை கருப்பனின் தொடையில் எறும்பு வரிசை. பிறகு இயற்கைச் சாயத்தில் இறங்கினான். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிறது என்பதைக் கண்டுபிடித்துக் கத்தியபோது, ஆயுள் முழுக்க ஆரத்தி கரைத்த அப்பத்தா ஒன்றும் பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சளும் வெயிலுக்கு நிற்காது. ஜன்னலோரம் மாட்டிய கருப்பன் சில வாரங்களில் ரத்தசோகை கண்டவன்போல் வெளிறினான். அதற்கும் பதில் உண்டு அவனிடம்: "அது தெய்வத்தோட ஃபேடிங், ஒரு கான்செப்ட்."

இவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சோம்பேறி என்று முடிவு கட்டுகிறார்கள். அது அநியாயம். வீட்டில் இவனைப்போல ராத்திரி இரண்டு மணி வரை உழைக்கிற ஆள் கிடையாது. உழைப்பு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. தாளை மாற்றுவது, மையை மாற்றுவது, காப்பியை மாற்றுவது எல்லாம் ஒரு முடிவைத் தள்ளிப்போடுகிற வழிகள். இந்த ஆள் யார், கோபக்காரனா, கோபப்படத் தெரியாமல் கோபக்காரனாக நடிப்பவனா, அரிவாளை எடுத்தே பல வருஷம் ஆனவனா என்பதைத் தீர்மானித்தால் மீசை தன்னால் வரும். ஆனால் ஒரு மீசையைத் தேர்ந்தால் மற்ற எல்லா மீசையும் செத்துப்போகும். பையனுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. இலை போட்டு ஆட்கள் உட்கார்ந்த பிறகும் அடுப்படியில் நின்று சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உலகத்தில் நிலைத்த கதாபாத்திரங்கள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் பெரும்பாலும் கழித்துக் கழித்துப் பிறந்தவைதான். ஆர்.கே. லட்சுமண் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் 1951-இல் கொண்டுவந்த 'காமன் மேன்' அப்படி வந்தவர். இந்தியாவைக் காட்ட ஒவ்வொரு பிரதேசத்து ஆளையும் கூட்டமாக வரைந்துகொண்டிருந்தவர், கடிகாரத்தோடு ஓட வேண்டிய பத்திரிகை வேலையில் ஒவ்வொருவராகக் குறைத்து, கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் வட்டக் கண்ணாடியுமாக ஒரே ஒருவரை மிச்சம் வைத்தார். அவர் வாயையும் திறக்காமல் ஐம்பது வருஷம் நின்றார். அந்த லட்சுமணுக்கு பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளி இடம் தரவில்லை என்பது வேறு கதை; நம் பையன் அதை மட்டும் கச்சிதமாக நினைவு வைத்திருக்கிறான்.

பம்பாய் வரை போவானேன். புரவியெடுப்பு நடக்கிற ஊர்களில் அய்யனாருக்குக் குதிரையும் கருப்பனுக்குச் சிலையும் செய்கிற வேளார், ஊரார் கையால் பிடிமண் வாங்கிய நாளிலிருந்து திருநாள் தேதிக்குக் கட்டுப்பட்டவர். காலைத் தனியாக, உடலைத் தனியாக, தலையைத் தனியாக வனைந்து ஒட்டி, காயவைத்துச் சுட்டு, கடைசியில் கண் திறக்க வேண்டும். மண் காய்கிற வேகத்துக்குள் மீசை வளைந்தாக வேண்டும். "இன்னும் எக்ஸ்ப்ளோர் பண்றேன்" என்று அவர் சொன்னால் ஊர் கூடிவிடும். கருப்பன் என்றால் உருட்டிய கண், முறுக்கிய மீசை, ஓங்கிய அரிவாள் என்று மூன்றே விஷயத்தில் ஊர் அடையாளம் கண்டுகொள்வது அந்த அவசரம் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. அழகர் சங்கதியும் அப்படித்தான். மலையிலிருந்து புறப்படும் பெருமாளுக்குக் கண்டாங்கிப் பட்டும் கையில் நேரிக்கம்பும் ஆயிற்று என்றால் கள்ளழகர். ஆற்றில் இறங்கும் நாளில் எந்த நிறப் பட்டு என்பதைப் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்து முடித்துவிடுகிறார்கள். பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்று மொத்த மதுரையும் அன்றைக்கு ஒரு வண்ணத்தேர்வைப் பற்றிப் பேசுகிறது. அந்தக் காலத்தில் அழகர் இறங்கியது தேனூர் ஆற்றில்தான், திருமலை நாயக்கர்தான் அதை மதுரைக்கு மாற்றினார் என்று இந்தப் பக்கத்தார் சொல்வார்கள். தேனூருக்கும் சமயநல்லூருக்கும் கூப்பிடு தூரம். பையனோ உடை வடிவமைப்புக்கு உத்வேகம் வேண்டி ஜப்பான்காரர்களின் படங்களை இறக்கிச் சேமித்துக்கொண்டிருக்கிறான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். பொருளைத் தொட்டுப் பார்க்காமல் உருவம் எப்படி வரும்? கரி சொல்வதை மை சொல்லாது, மை சொல்வதைக் காப்பி சொல்லாது; சிந்திய கறையிலேயே ஒரு முகம் தெரிவதுண்டு. உண்மை. தோல்பாவைக் கூத்தில் பாவையின் உருவத்தைத் தீர்மானித்ததே ஆட்டுத்தோல்தான். பதப்படுத்திய தோல் வெளிச்சத்தை விடும். அதனால் நகையை வரைவதைவிட உளியால் சின்னச் சின்னத் துளையாகப் பொத்தினால் நகை விளக்கில் மினுங்கும். திரையில் விழுவது நிழல். அதனால் ஆளை விளிம்பை வைத்தே சொல்லிவிட வேண்டும். கோமாளி உச்சிக்குடும்பன் திரைக்கு வந்த மாத்திரத்தில் பிள்ளைகள் சிரிப்பது அவன் குடுமியைப் பார்த்து. கூட வருகிற உளுவத்தலையன் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டான். ராஜாவைவிடக் கோமாளிக்குத்தான் மூட்டுகள் அதிகம், அசைவும் அதிகம். குணத்தை முகத்தில் எழுதாமல் முழங்கையில் எழுதியிருக்கிறார்கள். உருவத்தை முழுக்கக் கறுப்பாக்கினாலும் ஆள் தெரிகிறானா என்று பார்ப்பதை இன்றைக்கு அனிமேஷன் வகுப்புகளில் முதல் பாடமாக வைக்கிறார்கள். பாவைக்காரர்கள் அந்தப் பரீட்சையை எண்ணெய் விளக்கில் எழுதித் தேறியவர்கள். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோல் இவ்வளவும் சொன்னது, அதை விட்டுப் போகாமல் கூட இருந்தவர்களிடம். செவ்வாய்க்கிழமை தோல், வியாழக்கிழமை பிளாஸ்டிக், சனிக்கிழமை மஞ்சள் தண்ணீர் என்று ஓடியவனிடம் எந்தப் பொருளும் வாய் திறக்காது. பையனின் சோதனைகளில் குறை எண்ணிக்கையில் இல்லை. எதிலும் அவன் இரண்டாவது வாரம் வரை தங்கியதில்லை.

சோதனையே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, சோதனைக்காரர்களைத்தான் அனுப்பியிருக்கிறது. ஆனால் அவர்கள் சோதித்த இடம் வேறு. அங்கே படித்த சங்கர் அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனை வரைந்தார்: ஓங்கிய வாள், தோளில் தொங்கும் பிணம், சுடுகாடு. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஒரே பத்திரிகையில் வரைந்தார். கதை மாறிக்கொண்டே இருந்தது, அந்த நடை மாறவில்லை. பிணத்தைச் சுமப்பவன் அப்படித்தான் நடப்பான் என்பதை ஒருமுறை தீர்மானித்துவிட்டார், அவ்வளவுதான். ஆதிமூலம் 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வரைந்த காந்திகளை எடுத்துக்கொண்டால், கறுப்புக் கோட்டைத் தவிர அங்கே கைச்சரக்கு எதுவும் இல்லை. கோடு தடித்த இடத்தில் ஒரு காந்தி, உதிர்ந்த இடத்தில் வேறொரு காந்தி. மதுரைக்காரரான டிராட்ஸ்கி மருதுவின் 'வாளோர் ஆடும் அமலை' இன்னும் நேரான சாட்சி. நாடக மேடையும் சினிமாவும் நமக்குப் பழக்கிவைத்த ஜிகினா ராஜாவை ஒதுக்கிவிட்டு, தமிழ் மன்னர்களை வேறு உடலும் வேறு உடையுமாக வரைந்தார். மாற்றியது தூரிகையை அல்ல, ராஜா என்றால் யார் என்ற எண்ணத்தை. அதற்கு 300 ஜிஎஸ்எம் தாள் உதவாது. படிக்க வேண்டும், கோயில் சுவரையும் தெருவில் போகிற ஆளின் தோளையும் பார்க்க வேண்டும். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தில் 1500-க்கு மேற்பட்ட சுதை உருவங்கள் இருக்கின்றன. அண்ணாந்து பார்க்கக் கட்டணம் இல்லை. பையன் அங்கே போனது கேமராவில் ஒரு புது லென்ஸைச் சோதிக்க.

லட்சுமணும் சங்கரும் அச்சுக்கூடத்துக்கு அடங்கி வரைந்தவர்கள், பிளாக்கில் மெல்லிய சாம்பல் நிறம் ஏறாது என்பதால் எளிமையாக வரைந்தார்கள், இன்றைக்கு அந்தக் கட்டு எதற்கு என்று பையனின் ஆசிரியரே கேட்கலாம். கட்டு போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. இவன் கருப்பன் கடைசியில் போய்ச் சேரும் இடம் வாட்ஸ்அப் ஸ்டிக்கர். பழைய பத்திரிகை பிளாக்கைவிடச் சின்னது. அதில் உப்புப் பூவும் தெரியாது, காப்பிக் கறையும் தெரியாது, மீசை தெரியும். டேப்லட்டில் வரைந்தால் செலவு மிச்சம் என்பார்கள். பணம் மிச்சம், சரி. மையாவது காய்ந்துவிடும், காய்ந்ததும் விவகாரம் முடியும். திரையில் எதுவும் காய்வதில்லை. அன்டூ இருக்கிறது, லேயர் இருக்கிறது, 'கருப்பு ஃபைனல்', 'கருப்பு ஃபைனல் புதுசு', 'கருப்பு நிஜமான ஃபைனல்' என்று கோப்புகள் வரிசை கட்டுகின்றன. போதாததற்கு இப்போது கேட்ட நொடியில் நூறு கருப்பனைத் துப்புகிற மென்பொருளும் வந்துவிட்டது. வகைவகையாக உருவம் உண்டாக்குவதுதான் திறமை என்று நம்பிய பையனுக்கு இது இடி. அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. நூறில் எவன் நம்மூர்க் கருப்பன் என்று கைவைக்கிற வேலை, இவன் ஆடியிலிருந்து ஒளிந்துகொண்டிருந்த அதே வேலை, இவனுக்கு மிச்சமாகியிருக்கிறது.

அவனால் முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். முடிகிறது, கல்லூரிக்கு வெளியே முடிகிறது. கோயில் கொடைக்குப் பிளக்ஸ் போட வேண்டிய கூட்டாளிகள் மூன்று மணிக்கு வந்து, "மாப்ள, ஆறு மணிக்கு பிரஸ்ல ஃபைல் குடுக்கணும், கருப்பன் ஒண்ணு கெத்தா வேணும்டா" என்றால் தாளையும் தேடமாட்டான், மஞ்சளையும் அரைக்கமாட்டான். கையில் கிடைத்த பால்பாயிண்ட் பேனாவில் நோட்டுத் தாளில் போட்டு, செல்போனில் படமெடுத்து, வர்ணம் நிரப்பி ஐந்தரைக்குத் தந்துவிடுகிறான். மீசையும் இருக்கிறது அதில். ஆளும் யாரென்று தெரிகிறது: அரிவாள் கையில் இருந்தாலும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குப் பயப்படுகிற ஒரு பெரியப்பா. இந்தப் படத்தை அவன் ஆசிரியரிடம் காட்டுவதில்லை, ஷீட் பைக்குள்ளும் வைப்பதில்லை. அது சும்மா பசங்களுக்குப் போட்டது, போர்ட்ஃபோலியோ வேலை கிடையாது. பிரஸ்காரர் அப்படி நினைக்கவில்லை. ஃபைலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, ஊர்ப் பேரையும் கமிட்டிக்காரர்களின் போட்டோவையும் மட்டும் மாற்றிச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அடித்துக் கொடுக்கிறார். வாடிப்பட்டி ரோட்டில் நாலு ஊர்க் கருப்பனுக்கு இப்போது ஒரே முகம். வரைந்தவனுக்குக் கூலி நாலு பரோட்டா; சால்னா எவ்வளவு வேண்டுமானாலும்.