பிள்ளைக்கு எதற்கு அரசியல்?

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் போர், அகதிகள் என்று வரையச் சொல்கிறார் ஓவிய ஆசிரியர். இந்த வயதில் அரசியல் எதற்கு? இரண்டு மலை, நடுவே சூரியன் போதாதா? – ஒரு தந்தை, கரூர்

பதில்: அந்தச் சூரியன் ரொம்ப வருடமாக உதித்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் ஐயா!

பிள்ளைகளிடம் அரசியலை யாரும் கொண்டுபோக வேண்டியதில்லை, அதுவே வீடு தேடி வந்துவிடும். சூடானின் டார்ஃபூரில் ஒட்டகத்திலும் குதிரையிலும் துப்பாக்கியோடு வந்தது. அங்கிருந்து சாட் நாட்டுக்குத் தப்பிவந்த பெற்றோரிடம் 2005-ல் ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ என்ற மனித உரிமை அமைப்பின் ஆய்வாளர்கள் பேசினார்கள். பேசி முடிக்கும்வரை பிள்ளைகள் சும்மா இருக்கட்டும் என்று தாளும் கிரேயானும் கொடுத்தார்கள். எதை வரைவது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் வரைந்ததோ எரியும் குடிசைகள், குண்டு போடும் விமானங்கள், ஓடும் மனிதர்கள்.

பின்னர் 2007-ல் ‘வேஜிங் பீஸ்’ அமைப்பு சாட் நாட்டு அகதி முகாம்களில் திரட்டிய சுமார் 500 ஓவியங்களை, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பின்னணிச் சான்றாக ஏற்றுக்கொண்டது. பெரியவர்களின் எத்தனையோ அறிக்கைகளுக்குக் கிடைக்காத மரியாதை!

ஆசிரியர் தன் கருத்தைத் திணித்தால் சண்டைக்குப் போங்கள், நானும் வருகிறேன். தலைப்பை மட்டும் கொடுத்தார் என்றால், பெரிய டப்பா கலராக வாங்கிக் கொடுங்கள்.