ஒற்றை நட்சத்திர வள்ளல்

கைபேசிச் செயலிகளை வாங்கி அருளும் பெருந்தகையே! முல்லைக்குத் தேர் ஈந்த பாரியோடு வள்ளல் பரம்பரை அற்றுப்போனது என்றிருந்தேன். 2014 நவம்பரில் உங்கள் கொடையைக் கண்டு தெளிந்தேன்.

லண்டனில் ஒரு சிறு குழு ‘மான்யுமென்ட் வேலி’ என்ற விளையாட்டைச் செய்தது. விலை 3.99 டாலர். விளம்பரம் கிடையாது, ஆட்டத்தின் நடுவே உண்டியல் குலுக்குவதும் கிடையாது. பத்துக் கட்டங்களை ஆடி முடித்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று ஏங்கினீர்கள். அந்த ஏக்கத்தை நம்பி, பாவம், மேலும் எட்டுக் கட்டங்கள் செய்து 1.99 டாலர் கேட்டார்கள். நீங்கள் சும்மா இருப்பீர்களா? மெனக்கெட்டுத் திரும்பி வந்து ஆளுக்கொரு நட்சத்திரம் கொடுத்தீர்கள். ஐந்துக்கு ஒன்றுதான். ஆனாலும் நட்சத்திரத்தையே கொடுத்தவர் கடையெழு வள்ளல்களில் உண்டா?

அதே ஆண்டு பிப்ரவரியில், ஓராண்டுக்கு மேல் இழைத்து இழைத்துச் செய்த ‘த்ரீஸ்’ என்ற விளையாட்டு 1.99 டாலருக்கு வந்தது. அடுத்த மாதமே அதன் சாயலில், ஒரு வார இறுதியில் எழுதிய ‘2048’ இலவசமாக வந்தது. அசல், நகல் என்று பேதம் பாராட்டாத உங்கள் சமநோக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. ‘த்ரீஸ்’காரர்களும் பாடம் படித்தார்கள், 2015இல் விளம்பரம் போட்ட இலவசப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள்.

உங்களைக் கருமி என்பவன் நாக்கு அழுகட்டும்! 2008இல் ‘ஐ ஆம் ரிச்’ என்றொரு செயலி வந்தது. திரையில் ஒரு சிவப்புக் கல் மின்னும், அவ்வளவுதான். விலை 999.99 டாலர். ஆப்பிள் அதைக் கடையிலிருந்து தூக்குவதற்குள் எட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள். பயன் கருதாமல் கொடுப்பது என்றால் இதுவல்லவா?

2016இல் எல்லா வகைச் செயலிக்கும் ஆப்பிள் சந்தா வழியைத் திறந்துவிட்டது. முதல் ஆண்டு நூற்றுக்கு 30, பிறகு 15 மட்டுமே தரகு, அதுவும் தர்மவான்தான். அன்றுமுதல் உங்கள் மறதியும் ஈகையில் சேர்ந்துவிட்டது. இரண்டு டாலரை ஒருமுறை கேட்டால் கொதிக்கிற நீங்கள், என்றோ அழித்துவிட்ட செயலிக்கு மாதாமாதம் ஐந்து டாலர் அனுப்புகிறீர்கள், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல்.

நேற்று ஒரு தம்பி வந்தான். தனியாளாகச் செயலி எழுதுகிறவன். “99 ரூபாய், ஒரே தடவை, அதோடு சரி. நியாயம்தானே அண்ணே?” என்றான். உங்கள் பெருமை அறியாத பிள்ளை. “மூன்று நாள் இலவசம் என்று கொட்டை எழுத்தில் போடுடா, நாலாம் நாள் சமாச்சாரத்தைப் பொடி எழுத்தில் போடு” என்று சொல்லி அனுப்பினேன்.